மழைக்காலத் தடுமமும் வீட்டுக் கசாயமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எல்லா வகுப்பறையிலும் இருமல் சத்தம். போன திங்கட்கிழமை நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன், சுட்டது. “ஏன் மக்ளே வந்தே?” என்று கேட்டேன். “அம்மா கசாயம் தந்தாவ, சரியாயிரும்னு சொன்னாவ” என்றாள். அந்தப் பதில் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை.

கசாயத்தை நான் குறை சொல்லவில்லை. தலை குளித்து வந்ததும் தடுமம் பிடிக்காதிருக்க உச்சியில் ராஸ்னாதிப் பொடி என்ற ஆயுர்வேதப் பொடியைத் தேய்த்துவிட்ட பாட்டியிடம் வளர்ந்தவள் நான். ஆயுர்வேதம் நம் மாவட்டத்துக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே நாகர்கோவில் கோட்டாறில் இருக்கிறது. ஆடு தொடாத இலை என்று நாம் பெயர் வைத்த ஆடாதோடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரை உருவானது. பெரியவர்கள் வெறும் நம்பிக்கையால் மட்டும் அந்த இலையைப் பறிக்கவில்லை.

ஆனால் ஆயுர்வேதம் இருமலை ஒன்றாகப் பார்ப்பதில்லை. காசம் என்று பெயரிட்டு அதை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கபம் கட்டிய இருமலுக்குச் சுக்கு, நல்லமிளகு, திப்பிலி. அதே காரத்தை வறட்டு இருமலும் தொண்டை எரிச்சலும் உள்ள பிள்ளைக்குக் கொடுத்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். அங்கே அதிமதுரம் போல இதமான மருந்துதான் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட கசாயம் நம் பிள்ளைக்கும் கேட்கும் என்று நினைக்காதீர்கள். வைத்தியசாலையில் வாங்கும் அரிஷ்டத்திலும் கவனம் வேண்டும். அது புளிக்க வைத்துச் செய்வது, இயல்பாகவே அதில் ஆல்கஹால் உண்டு. மருத்துவர் அளவு சொல்லாமல் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டாம். சூரணமோ லேகியமோ எதுவானாலும் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

வீட்டில் தைரியமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம், துளசி போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஆறவைத்துக் குடிக்கக் கொடுக்கலாம். கற்பூரவள்ளிச் சாற்றில் சில துளி தேன் கலந்து தரலாம். கொதிக்கும் மருந்தில் தேனை ஊற்றாதீர்கள், தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் சொந்த விதி. வீட்டில் ஒரு வயது நிறையாத தம்பி தங்கை இருந்தால் தேனே வேண்டாம். அதிலிருந்து வரும் ஒருவகைக் கிருமி அந்த வயதில் உயிருக்கே ஆபத்து.

ஆவி பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். கொதிக்கும் பாத்திரத்தின் முன் பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நம் பள்ளிப் பையன் ஒருவன் பாத்திரம் சரிந்து தொடை வெந்து ஒரு மாதம் படுத்துக் கிடந்தான். தடுமம் என்னவோ நாலு நாளில் போய்விட்டது. கற்பூரத்தை மூக்கருகே வைப்பதும் எண்ணெயில் கலந்து மூக்கில் விடுவதும் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அதனால் வலிப்பு வரலாம்.

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, சில நாளில் தானே அடங்கும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் வாதக் காய்ச்சலாகி இதய வால்வையே கெடுக்கலாம். அது அதிகம் பிடிப்பது 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளை, அதாவது நம் வகுப்பறையை. எச்சில் விழுங்க முடியாமை, மூன்று நாளாக இறங்காத காய்ச்சல், கழுத்தில் கட்டி, தொண்டையில் வெள்ளைப் படலம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கி விலா உள்ளிழுத்தால் 108-ஐ அழையுங்கள், அல்லது நேரே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள், காய்ச்சல் விட்டதும் நிறுத்தி மிச்சத்தைத் தம்பிக்கு எடுத்து வைக்க வேண்டாம். ஆங்கில மருந்தோடு கசாயமும் கொடுத்திருந்தால் ஆங்கில மருத்துவரிடமும் ஆயுர்வேத மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை வந்த அந்தப் பிள்ளைக்குத் திரும்புகிறேன். காய்ச்சல் கண்ட தொடக்கத்தில் வயிற்றுக்குப் பாரம் தராமல் ஓய்வு கொடுப்பதைத்தான் ஆயுர்வேதம் முதலில் சொல்கிறது. நம் வீட்டுக் கஞ்சியும் பயறும் அந்தப் பத்தியம்தான். கசாயம் குடித்த பிள்ளை மழையில் நனைந்து பேருந்தேறி நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்தால் அந்தக் கசாயம் என்ன செய்யும்?

இதில் பள்ளியின் தவறும் இருக்கிறது. ஒரு நாள் விடாமல் வந்தவர்களுக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுத்து வந்தோம். பரிசு போய்விடும் என்று காய்ச்சலோடு வந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டு முதல் அந்தப் பரிசு கிடையாது. காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாகக் கழிந்த பிறகு அனுப்புங்கள். விடுபட்ட பாடத்தை வகுப்பாசிரியர்கள் மதிய இடைவேளையில் சொல்லித் தருவார்கள், அதற்கு நான் பொறுப்பு.

மருந்தைப் புத்தகப் பையில் வைத்து அனுப்பாதீர்கள். லேகியம் இனிப்பாக இருக்கிறதென்று மூன்றாம் வகுப்பில் ஏழு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். பகலில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெயரும் அளவும் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள், நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு கைக்குட்டையும் வெந்நீர் பாட்டிலும் தினமும் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்