க்வாய் பாலம் பற்றி சுந்தரத்துக்கு

பொன்மலை, திருச்சி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பிசியோதெரபியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம் என்று சொல். வலிக்கிறதே என்று ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்கள் பின்னால் படாத பாடு படுகிறார்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் பாலிடெக்னிக்கில் சிவில் எடுத்திருக்கிறான். தாத்தா வேலை பார்த்த பாலத்தையெல்லாம் காட்டு என்று நச்சரிக்கிறான். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாததா?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை மறுபடியும் பார்த்ததாக எழுதியிருந்தாய். கர்னல் நிக்கல்சன் துரோகியா, பைத்தியமா, இல்லை நல்ல மனிதர்தானா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். அந்த ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத பெரியப்பா நினைவு வந்து பாதியிலேயே நிறுத்திவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் நானும் உட்கார்ந்து முழுப் படத்தையும் திரும்பப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் நிக்கல்சன். இரண்டாம் உலகப் போர்க் காலம். சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, காட்டுக்குள் ஜப்பானியர்களின் சிறை முகாம். நிக்கல்சன் தலைமையில் பிரிட்டிஷ் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டே அணிவகுத்து உள்ளே வருகிறார்கள். முகாமின் தலைவன் சைட்டோ, ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் கட்ட வேண்டும், அதிகாரிகளும் சேர்ந்து உடலுழைப்பு செய்தாக வேண்டும் என்கிறான். நிக்கல்சன் ஜெனீவா ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார். அதிகாரிகளைக் கூலி வேலைக்கு விடக்கூடாது என்று அதில் இருக்கிறது. சைட்டோ அந்தப் புத்தகத்தாலேயே அவர் முகத்தில் அறைகிறான். பிறகு அவரைத் தகரக் கூண்டுக்குள் தள்ளி வெயிலில் வேக விடுகிறான். மனிதர் அசையவே இல்லை. கடைசியில் சைட்டோதான் இறங்கி வருகிறான். 1905-ல் ரஷ்யாவை ஜப்பான் வென்ற நாள் இது, அதற்காக மன்னிப்பு என்று ஒரு சாக்குச் சொல்லி விடுவிக்கிறான். வெளியே கைதிகள் நிக்கல்சனைத் தோளில் தூக்கி ஆர்ப்பரிக்க, சைட்டோ தன் அறையில் தனியாக அழுகிறான். அந்த அழுகைக்காகவே, சைட்டோவாக நடித்த செசூ ஹயகாவாவுக்கு ஆஸ்கர் கொடுத்திருக்கலாம். பரிந்துரையோடு நின்றுவிட்டது.

இதுவரை நிக்கல்சன் நம் ஆள். நீயும் நானும் கைதட்டுவோம். இதற்குப் பிறகுதான் படம் தொடங்குகிறது என்பேன்.

வெளியே வந்ததும் பாலத்தைப் போய்ப் பார்க்கிறார். வேலை ஏனோதானோ என்று நடக்கிறது. சிப்பாய்கள் வேண்டுமென்றே சொதப்புகிறார்கள், எதிரிக்கு எதற்கு நல்ல பாலம் என்று. அவருக்கு அது பொறுக்கவில்லை. ஒழுங்கு கெட்டால் தன் பட்டாளம் பட்டாளமாக இருக்காது, வெறும் அடிமைக் கூட்டமாகிவிடும் என்று நினைக்கிறார். அவருடைய பொறியாளர், ஜப்பானியர் தேர்ந்தெடுத்த இடத்தில் ஆற்றின் அடி வெறும் சேறு, கொஞ்சம் கீழே தள்ளிப் போட வேண்டும் என்கிறார். சரியான மரம் கிடைக்குமா என்று பேசும்போது, லண்டன் பாலத்தின் எல்ம் மரத் தூண்கள் 600 வருஷம் நின்றன என்று ஒருவர் சொல்வார். அதைக் கேட்டதும் நிக்கல்சன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், கவனித்தாயா? அங்கேயே அவர் தொலைந்தார். 600 வருஷம்! யுத்தம் எப்போது முடியும், யார் ஜெயிப்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்கு முன்னால் அவருக்குச் சின்ன விஷயமாகிவிட்டது.

எனக்கு இது நன்றாகவே புரிகிறது. பாலம் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கு வாய்த்த மேஸ்திரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? கையில் சின்னச் சுத்தியலோடு பாலத்தின் கர்டர் என்கிற இரும்பு உத்திரத்தின் மேல் நடப்பார். இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ஒவ்வொரு ரிவெட்டின் தலையிலும் இன்னொரு கை விரலை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு தட்டு. இறுகிய ரிவெட் கணீரென்று சொல்லும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும், விரலில் ஒரு சின்ன நடுக்கம் தெரியும். ஒன்று தளர்ந்திருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார், அதைத் தறித்து எடுத்துப் புதிதாக அடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். மேலே எந்த வண்டி போகிறது, அதில் யார் போகிறார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அப்படி வளர்ந்தவன் நான். ஆகவே நிக்கல்சனைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

முகாமின் டாக்டர் கிளிப்டன் அவரிடம் நேராகவே கேட்கிறார்: நாம் இவ்வளவு நன்றாக வேலை செய்யத்தான் வேண்டுமா, இது எதிரிக்கு உதவுவதாகாதா? நிக்கல்சன் திருப்பிக் கேட்கிறார்: சைட்டோவுக்கு நீ ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் ஒழுங்காகச் செய்வாயா, இல்லை சாக விடுவாயா? டாக்டரிடம் பதில் இல்லை. நான் இரண்டு நாள் இதையே யோசித்தேன். என் பதில் இதுதான்: நோயாளி கண்முன்னால் படுத்திருக்கும் ஒரு மனிதன். பாலம் அப்படியல்ல. அது எங்கோ இருக்கும் போர்முனைக்குத் துப்பாக்கியும் ஆளும் கொண்டுபோகிற வழி. அதன் மேல் வண்டி ஓட ஓட நிக்கல்சனின் நாட்டுக்காரர்களே சாவார்கள். டாக்டருக்கு அது தோன்றாமல் இருந்திருக்காது. மேலதிகாரியிடம் வாயை மூடிப் பழகிய பழக்கம் தடுத்துவிட்டது.

ஆனாலும் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு ஓர் இடம். நாள் நெருங்குகிறது, ஆள் போதவில்லை. நிக்கல்சன் தன் அதிகாரிகளையே சிப்பாய்களோடு சேர்ந்து கையால் வேலை செய்யக் கேட்கிறார். அதுவும் போதாமல் நோயாளிகள் கிடக்கும் குடிசைக்கே போய், எழுந்து நடக்க முடிகிறவர்கள் இலேசான வேலைக்கு வரலாமே என்று கேட்கிறார். அவர்களும் நொண்டிக்கொண்டு பின்னால் போகிறார்கள். யோசித்துப் பார், சுந்தரம். எந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கூண்டுக்குள் சாகத் துணிந்தாரோ அதை, யாரும் கேட்காமலே, தானே எடுத்துக் கொடுத்துவிட்டார். சைட்டோ அடித்து உதைத்து வாங்க முடியாததைப் பாலம் வாங்கிக்கொண்டது. எதிரிக்கு எதிராக நின்றபோது அது கொள்கையாக இருந்தது. தன் ஆசைக்கு எதிராக நிற்க வேண்டிய நேரத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. துரோகம் செய்ய வேண்டும் என்று நினைத்தவர் அல்ல அவர். தன் பெருமையும் தன் கடமையும் ஒன்றேதான் என்று நம்பிவிட்டார். பாலம் முடிந்ததும் தன் பெயரும் பட்டாளத்தின் பெயரும் பொறித்த பலகையை அவர் கையாலேயே அடிக்கிறார் பார்.

முதல் ரயில் வருவதற்கு முந்தைய மாலை, பாலத்தின் மேல் சைட்டோவும் அவரும் நிற்கும் காட்சியை நீ பார்க்காமல் விட்டிருந்தால் தயவுசெய்து அதை மட்டுமாவது போய்ப் பார். சைட்டோ மேற்கே பார்த்து, அழகு என்கிறான். அவன் சொல்வது சூரியன் மறைவதை. நிக்கல்சனோ பாலத்தைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு ஆமாம் என்கிறார். பிறகு தன் 28 வருஷ சேவையைப் பற்றிப் பேசுகிறார். வாழ்ந்ததற்கு என்ன அடையாளம் மிச்சம் என்று ஓய்வு பெறும் வயதில் எல்லோரும் கேட்டுக்கொள்கிற கேள்விதான். நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸ் அதைக் குரலை உயர்த்தாமல், கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொல்கிறார்.

அந்தப் பாலத்தைத் தகர்க்கக் காட்டு வழியாக வெடி வைக்க வரும் பிரிட்டிஷ் தரப்புக் குழுவின் கதை என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. வில்லியம் ஹோல்டனுக்காகவே நீட்டியது போல் இருக்கிறது. ஆனால் அவர் தன் மேஜரிடம் ஓரிடத்தில் வெடிப்பார். நீயும் அந்த கர்னலும் ஒரே ரகம், கண்ணியமாகச் சாவது எப்படி என்றே யோசிக்கிறீர்கள், மனிதனாக வாழ்வது எப்படி என்று யோசிப்பதே இல்லை என்று. அந்தப் பேச்சுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். முடிவில் பாலத்தைத் தகர்த்த வெடி விசையின் மேல் நிக்கல்சன் தெரிந்தே விழுந்தாரா, தடுமாறி விழுந்தாரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். தடுமாறித்தான் விழுந்தார் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவருக்குக் கடைசி முடிவு கையில் இல்லாமல் போனது சரியாகத்தான் இருக்கிறது. பியர் பூல் எழுதிய மூல நாவலில் பாலம் விழுவதே இல்லை.

இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் நிஜமாகவே பெரிய மரப்பாலம் கட்டி, நிஜ ரயிலோடு தகர்த்து எடுத்தார்கள். 1957-ன் ஆஸ்கர்களில் ஏழு இந்தப் படத்துக்கு. அதில் ஒன்றில் பெரிய அநியாயம் நடந்தது. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டுக் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். பெயர் போட முடியாது என்று பரிசை பூல் பெயரில் கொடுத்துவிட்டார்கள். 1984-ல்தான் அந்த இருவருக்கும் என்று திருத்தினார்கள். வில்சன் அப்போது உயிரோடு இல்லை.

இனி உன் பெரியப்பா. நிஜத்தில் நடந்தது படத்தைவிடக் கொடுமை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். காஞ்சனபுரியில் நிஜப் பாலத்தைக் கட்டிய முகாமின் மூத்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி, நிக்கல்சனுக்கு நேர்மாறானவர். ஆட்களின் உயிரைக் காப்பதே முதல் வேலை என்று நின்றவர். அவர் முகாமில் மரத்தூண்களுக்குள் கரையான்களைக் கொண்டுவந்து விட்டார்களாம், கான்கிரீட்டைக் கெடுத்துக் கலந்தார்களாம். படம் வந்தபோது அங்கிருந்து பிழைத்தவர்கள் கொதித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக உழைத்தவர்கள் ஆசியக் கூலிகள். பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள். நல்ல கூலி, நல்ல சாப்பாடு என்று ஆசை காட்டிச் சிலரை, ஆசைக்கு மசியாதவர்களைப் பிடித்து இழுத்து. கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருந்தில்லாவிட்டாலும் டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவன் பெயரைக் குறித்து வைக்க ஒருவன் இருந்தான். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்களில் இதில் ஒன்றுகூட இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, எல்லாம் ராணுவத்தார் கல்லறைகள்.

அதனால்தான் இந்தத் தடவை அந்த ஜெனீவா புத்தகக் காட்சி எனக்கு முன்புபோல இனிக்கவில்லை. அதிகாரி மண் சுமக்கலாமா கூடாதா என்று அவ்வளவு பெரிய போராட்டம். உன் பெரியப்பாவுக்காக நீட்டிக் காட்ட எந்தப் புத்தகம் இருந்தது? படத்தில் அவர் மாதிரி ஆட்களுக்குக் கதையே இல்லை. இதற்காகப் படத்தை வெறுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒரு மனிதனின் கர்வத்தை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு நியாயமாகக் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் நீ பாதியில் நிறுத்தியதும் நியாயம்தான். உன் அப்பத்தா தபால்காரனைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளினதை நானும் கண்டவன்.

ஒரு காரியம் செய். பெரியப்பா இருந்த தோட்டத்தின் பெயர் அந்தப் பழைய கடிதங்களின் உறையில் இருக்கும், மலேசியாவில் பேராக்கில் என்று அப்போது சொன்னாய். தங்கச்சி எங்கேயாவது பத்திரமாக வைத்திருப்பாள். உறையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, முத்திரையும் தெரிய வேண்டும். என் சம்பந்தியின் தம்பி ஈப்போவில் இருக்கிறார். அந்தப் பக்கத்துத் தோட்டக் கோவில்களில் வயசானவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தை மாதம் அவர் இங்கே வருகிறார், அதற்குள் அனுப்பிவிட்டால் நேரிலேயே உட்கார்ந்து பேசலாம். நீயும் வா.

அன்புடன்,
கதிரேசன்