கையெழுத்துப் போடுபவரிடமே புகார் சொல்ல முடியுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கப்பல் வேலைக்கு வரும் பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிம்கோ என்னும் கப்பல் தொழில் அமைப்பும் சர்வதேசக் கப்பல் சம்மேளனமும் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் ஏறத்தாழ 19 லட்சம் கடலோடிகளில் பெண்கள் 24,059 பேர்தான். நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. இந்த எண்ணிக்கை உயர வேண்டும் என்ற கட்டுரையின் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் கட்டுரை கல்லூரிச் சேர்க்கையோடு நின்றுவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

டெக் கேடட், அதாவது கப்பலை ஓட்டும் பிரிவில் பயிற்சி பெறுபவர், அதிகாரிச் சான்றிதழ் பெற, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் குறைந்தது 12 மாதம் கடலில் வேலை செய்திருக்க வேண்டும். கம்பெனி கப்பலில் ஏற்றாவிட்டால் படித்த படிப்பு பாதியில் நிற்கும். ஏற்றிவிட்டாலும், கற்ற ஒவ்வொரு வேலைக்கும் பயிற்சிப் பதிவேட்டில் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுப்பவரும், பயண முடிவில் அந்தக் கேடட்டைப் பற்றி அறிக்கை எழுதுபவரும் பெரும்பாலும் அதே அதிகாரிதான். தொல்லை அவரிடமிருந்தே வந்தால் கேடட் யாரிடம் போவார்? பேசினால் பதிவேடு நிரம்பாது. அதனால்தான் பலரும் இறங்கும் நாள்வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 இதற்கு வழி சொல்லாமல் இல்லை. நேராகக் கேப்டனிடமோ வெளி அதிகாரிகளிடமோ புகார் செய்யலாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது. புகார் நடைமுறையின் நகலை ஒவ்வொருவருக்கும் தர வேண்டும். நடப்பில் அந்த நகல் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கிறது. மின்னஞ்சல் கேப்டன் அறைக் கணினி வழியாகப் போகிறது. துணிந்து புகார் செய்த பெண்ணையே அடுத்த துறைமுகத்தில் ‘பாதுகாப்புக்காக’ இறக்கிவிடுகிறார்கள். அவருடைய கடல் மாதங்கள் அத்தோடு அறுந்துபோகின்றன. குற்றம் சாட்டப்பட்டவரோ கப்பலிலேயே இருக்கிறார்.

இதைத் திருத்தப் பெரிய செலவில்லை. பதிவேட்டில் ஒரே அதிகாரி மட்டும் கையெழுத்திடாமல், கரையிலுள்ள பயிற்சிப் பொறுப்பாளரும் சரிபார்த்து ஒப்பமிடலாம். கேடட்டின் சொந்தக் கைபேசியிலிருந்தே அந்தப் பொறுப்பாளரை அழைக்க முடிய வேண்டும். புகார் செய்தவர் இறங்க விரும்பினால், வேறு கப்பலில் உடனே இடம் கொடுத்து மீதி மாதங்களை முடிக்க விட வேண்டும். கப்பலுக்கு ஒரே ஒரு பெண் என்று அனுப்பாமல் இருவராகவாவது அனுப்ப வேண்டும். கேபின் கதவு உள்ளே தாழிடக்கூடியதாக இருக்க வேண்டும். மாஸ்டர் சாவியை யார், எப்போது, எதற்கு எடுத்தார் என்று பதிவேடு வேண்டும்.

பாலியல் தாக்குதல் என்று புகார் வந்தால், முதல் சில மணி நேரம் மிக முக்கியம். சம்பவம் நடந்த கேபினைப் பூட்ட வேண்டும். உடையையும் படுக்கை விரிப்பையும் துவைக்கக் கூடாது. நடைபாதைக் கேமராவின் பதிவை உடனே நகலெடுக்க வேண்டும். தாமதித்தால் அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். கப்பல் பதிவாகி அதன் கொடி பறப்பது ஒரு நாடு, பாதிக்கப்பட்டவர் வேறு நாடு, போய்ச் சேரும் துறைமுகம் இன்னொரு நாடு என்றிருக்கும் தொழில் இது. விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் சாட்சியம் அழிந்துவிடும்.

எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும், கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச விதிகளில் செய்த திருத்தத்தால், 2026 ஜனவரி 1 முதல் வன்முறை, துன்புறுத்தல் தடுப்பும் அடிப்படைப் பயிற்சியில் சேர்க்கப்பட்டுள்ளது. நல்லதுதான். ஆனால் கையெழுத்து அதிகாரம் அதே கையில் இருக்கும்வரை வகுப்பு நடத்துவது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

பாதுகாப்புக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளவு பெரிதான கையுறையின் நுனி கயிறு இழுக்கும் வின்ச் எந்திரத்திலும் கயிற்றிலும் சிக்கும். கடலில் விழுந்தால் குளிரிலிருந்து காக்கும் இம்மர்ஷன் சூட் தளர்ந்திருந்தால் அதற்குள் குளிர்ந்த நீர் புகும். முகத்தில் படியாத சுவாசக் கருவி முகமூடிக்குள் புகை நுழையும். உடலுக்கு ஏற்ற அளவில் கருவி தர வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே ஆள் ஏறும் முன்பே அளவு கேட்டு வாங்கி வையுங்கள். சிறிய உடல்வாகுள்ள ஆண்களுக்கும் இது உதவும். கழிப்பறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி வையுங்கள். அது இல்லாததால்தான் நாப்கின் வெற்றிடக் கழிப்பறைக் குழாயை அடைக்கிறது. அதில் பிளாஸ்டிக் இருப்பதால் மார்போல் என்னும் கடல் மாசுத் தடுப்பு விதிப்படி கடலில் எறியவும் முடியாது. நாப்கின்களைக் கப்பல் கடையில் இருப்பு வைப்பதும் அவசியம்.

கடைசியாக, ஆண் பெண் இருவரையும் வாட்டும் ஓய்வு நேரம். அதே கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை நாடுகளுக்கு இரண்டு வழி தருகிறது: வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை அல்லது குறைந்தபட்சம் 77 மணி நேர ஓய்வு. இரண்டாவதைத் தேர்ந்தால் 91 மணி நேரம் வேலை வாங்கலாம்! சிறிய கப்பலில் இரண்டே அதிகாரிகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வாட்ச் என்னும் காவல் பணியை மாற்றிக்கொண்டாலே ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு 84 மணி நேரம் ஆகிவிடும். கயிறு கட்டுதல், சரக்கு வேலை, தீயணைப்புப் பயிற்சி, ஆய்வாளருக்கான காகிதங்கள் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 7 மணி நேரம். அதற்குள் அடங்காததால் ஓய்வுப் பதிவில் எண்களைத் திருத்துகிறார்கள். உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. துறைமுக ஆய்வாளர்கள் ஓய்வுத் தாளை மட்டும் பார்க்காமல், சரக்கு நேரப் பதிவோடும் கப்பலை ஓட்டும் அறையின் (பிரிட்ஜ்) பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கு இடித்தால், அந்தக் கப்பலில் இன்னோர் அதிகாரியை ஏற்றிய பிறகே புறப்பட விடட்டும்.

இப்படிக்கு,
கப்பல்துறை வாசகர் ஒருவர்