பெரியம்மாவுக்கு, புதன்கிழமை கிளினிக் பற்றி

அன்புள்ள பெரியம்மா,

போன ஞாயிறு வெள்ளவத்தைக்கு வந்தபோது, லிப்ட் கதவு திறந்ததுமே கொத்தமல்லி அவிகிற வாசம். தடிமனோடு வந்த எனக்கு அது தேவாமிர்தம்தான். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பேரனுக்கு ஒன்பது மாத ஊசி, அதுதான் சின்னமுத்து (தட்டம்மை) வராமல் போடுகிற தடுப்பூசி, வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவையும் போட்டுக் காட்டினீர்கள். எல்லோர் முன்னாலும் எதிர்த்துக் கதைக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் குரல் சொல்வது ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பழைய கதை. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து வைத்தியர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பியது. வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010இல் அதை வாபஸ் வாங்கியது. அவருடைய வைத்தியப் பதிவும் அதே வருடம் போனது. கதை மட்டும் இன்னும் ஃபோன் ஃபோனாகச் சுற்றுகிறது.

கொத்தமல்லியோடு எனக்குச் சண்டை இல்லை. வந்த தடிமனுக்கு அது இதம். சின்னமுத்து அப்படியான வருத்தமில்லை. அது வந்த ஒருவர் உங்கள் ஃபிளாட் லிப்டில் இருமிவிட்டுப் போனால், இரண்டு மணித்தியாலம் கழித்து ஏறுகிற பிள்ளைக்கும் தொற்றலாம். அது நியூமோனியாவாகலாம், காதைக் கெடுக்கலாம், சில பிள்ளைகளுக்கு மூளை வரைக்கும் போகலாம். 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் கொழும்பிலேயே திரும்ப வந்துவிட்டது.

கேகாலையில் ஒருவர் காய்ச்சிக் கொடுத்த அந்தப் பாணி மருந்து ஞாபகம் இருக்கிறதா? 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சனம் வரிசையில் நின்றது. அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா. அப்போது நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்! (அதில் தேன் இருந்தது. ஒரு வயதுக்குள் தேன் நஞ்சாகலாம், பேரனுக்கு வசம்பைத் தேனில் குழைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.)

உங்கள் இடது கையில் தோளுக்குக் கீழே ஒரு ரூபாய்க் குற்றி அளவில் தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் நான் விரலால் தடவிப் பார்ப்பேன். அம்மைப்பால் குத்தியது என்பீர்கள். அம்மம்மா வாசலில் வேப்பிலை செருகுகிற ஆள், அம்மனுக்கு நேர்த்தி வைக்கிற ஆள். அவதான் உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அதைக் குத்துவித்தா. பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். உங்கள் பேரனின் கையில் அந்தத் தழும்பு இல்லாததற்குக் காரணம் அதுதான்.

ஊசி போட்டு ஒரு கிழமை, பத்து நாளில் கொஞ்சம் காய்ச்சல் காயலாம், மேலில் லேசாகச் சிவப்பும் போடலாம். பயப்பட வேண்டாம், பரசிட்டமோல் எவ்வளவு என்று மிட்வைஃப் சொல்லுவா. புதன் காலை எட்டு மணிக்கு நான் மருமகளோடு போகிறேன். பிள்ளையின் கார்டு உங்கள் அலுமாரியில் சேலைக்கடியில் இருக்கிறதாம். எடுத்து வையுங்கள்.

உங்கள் மகள் மாதிரி,
தங்கச்சி மகள்