அம்மம்மாவின் விரற்கணுவும் பஸ் தரிப்பிடக் கணக்கும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

கொழும்பு

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்து தரம் 6 முதல் 9 வரையான மாணவர் ஒவ்வொருவரின் புத்தகப் பையிலும் எண்பது பக்கக் கொப்பி ஒன்று புதிதாகச் சேர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் முகப்பில் 'எனது கருதுகோள்கள்' என்று எழுதியிருக்கும். அது எந்தப் பாடத்துக்கும் உரியதன்று. அதற்குப் புள்ளி இடப்படமாட்டாது. தவணைப் பரீட்சையில் அதிலிருந்து ஒரு வினாவும் வராது. வீட்டிலும் வீதியிலும் கடற்கரையிலும் தாம் கண்ட ஒன்றுக்குப் பிள்ளைகள் தாமாகவே கட்டிக்கொண்ட விளக்கத்தையும், அது சரியா பிழையா என்று அறிய அவர்கள் செய்து பார்த்தவற்றையும் அதில் எழுதுவார்கள். இந்த ஏற்பாட்டை ஏன் செய்தோம், இதில் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பவற்றை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற தவணையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தரம் 8 இல் கற்கும் மாணவி ஒருவரின் வீட்டில் சோறு ஆக்கும்போது எவரும் தண்ணீரை அளந்து ஊற்றுவதில்லை. கழுவிய அரிசியின் மேல் சுட்டுவிரல் நுனியை வைத்து, முதற்கணு நனையும் வரை தண்ணீர் விடுவதே அம்மம்மா காட்டிக்கொடுத்த கணக்கு. எங்களில் அநேகரின் வீடுகளிலும் இதுதான் வழக்கம். நான்கு பேருக்கு ஆக்கிய நாட்களிலெல்லாம் சோறு பதமாகவே வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர்கள் வந்து தங்கிய ஒரு நாள், பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, அதே ஒரு கணுத் தண்ணீர் விட்டபோது, சோறு நடுவில் வேகாமல் நறுக்கு நறுக்கென்று இருந்தது. கடைக்காரர் ஏதோ மட்டமான அரிசியைத் தந்துவிட்டார் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும், விரற்கணுக் கணக்கு சின்னப் பானைக்குத்தான் பொருந்தும் என்ற ஒரு கருதுகோளுடன் மறுநாள் வகுப்புக்கு வந்தார்.

விஞ்ஞான ஆசிரியை அதற்கு விடை சொல்லவில்லை. அளவுகள் குறித்த ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்துக் கொடுத்தார். மாணவி அதில் 200 மில்லிலீற்றர் அரிசியைப் போட்டு, அரிசியின் மட்டத்தைத் தண்ணீர் தொடும் வரை மெதுவாக ஊற்றினார். அரிசிமணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் நிரம்ப 84 மில்லிலீற்றர் போதுமாயிற்று. அதாவது, அரிசியின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலான உயரமே இடைவெளித் தண்ணீருக்கு உரியது. வீட்டுக் குக்கரில் அரிசி நான்கு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இருந்தால், இடைவெளியில் 1.7 சென்ரிமீற்றர், மேலே விரற்கணுவின் 2.5 சென்ரிமீற்றர், ஆக 4.2 சென்ரிமீற்றர், அரிசிக்கு ஏறக்குறையச் சம அளவு தண்ணீர் கிடைத்துவிடுகிறது. பெரிய பானையில் அரிசி பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நின்றது. அங்கே இடைவெளித் தண்ணீர் 4.2, விரற்கணு அதே 2.5, ஆக 6.7, மூன்றில் இரண்டு பங்குதான். அரிசி கூடக் கூட அது குடிக்கும் தண்ணீரும் கூடவேண்டும், ஆனால் விரற்கணு வளர்வதில்லை. இங்கே பானையின் அகலத்தால் வருவது ஒன்றுமில்லை, அரிசியின் ஆழமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதையும் அவர் கணக்கிட்டபடியே கண்டுகொண்டார். தமது கருதுகோளின் வாசகத்தையும் அதற்கேற்பத் திருத்தி எழுதினார். வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது, 'கனபேருக்கு எண்டால் நான் ஒண்டரைக் கணு விடுவன் பிள்ளை, அதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லையே' என்றாராம். இந்த ஒரு வரியும் கொப்பியில் இருக்கிறது. பெரிய பானையில் ஆவியாகிப் போகும் தண்ணீரின் பங்கு குறைவு என்பதை மாணவி இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. ஆசிரியை அதையும் அவருக்குச் சொல்லவில்லை. அவரே அங்கு வந்து சேருவார்.

சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். இளம் ஆசிரியையாக வேறொரு பாடசாலையில் கற்பித்த காலத்தில், வெப்பம் பற்றிய பாடத்தின் நடுவே ஒரு மாணவன் எழுந்து, அடுப்படியில் அம்மா பாத்திரத்தில் ஊற்றுவது சுடுதண்ணீரா பச்சைத்தண்ணீரா என்பதைப் பார்க்காமலே சத்தத்தைக் கொண்டு தன்னால் சொல்ல முடியும் என்றான். தண்ணீர் தண்ணீர்தான், சத்தத்துக்குச் சூடு தெரியாது, உட்கார் என்றேன். வகுப்பு சிரித்தது. அவ்வாண்டு முடியும் வரை அவன் கை உயர்த்தவேயில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் எனது சமையலறையிலேயே, கண்ணை மூடிக்கொண்டு, மகளை இரண்டு குவளைகளிலும் மாறி மாறி ஊற்றச் சொல்லிக் கேட்டேன். அவன் சொன்னது முழுக்கச் சரி. பச்சைத்தண்ணீர் கூர்மையாகச் சலசலக்கிறது. கொதித்த தண்ணீரின் ஒலி தடித்து, மந்தமாக விழுகிறது. கொதிநிலையை நெருங்கிய நீரின் பாகுநிலை, அதாவது ஓடுவதை எதிர்க்கும் தன்மை, அறை வெப்பநிலையிலுள்ள நீரினதில் மூன்றிலொரு பங்களவுதான். ஆகவே அது சிதறும் விதமும் அதில் குமிழிகள் தோன்றும் விதமும் வேறுபடுகின்றன. ஒரு குவளையும் ஒரு நிமிடமும் இருந்திருந்தால் அன்றே வகுப்பில் சோதித்திருக்கலாம். அந்த நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இத்தகைய ஒரு பிள்ளையைப் பற்றி உலகம் அறிந்த வரலாறும் உண்டு. 1963 இல், இன்று தான்சானியா எனப்படும் நாட்டில், எரஸ்தோ எம்பெம்பா என்ற பாடசாலை மாணவர், சக மாணவர்களோடு ஐஸ்கிறீம் செய்தபோது, உறைபெட்டியில் இடம் போய்விடுமோ என்ற அவசரத்தில், காய்ச்சிய பாலை ஆறவிடாமல் சூடாகவே உள்ளே வைத்தார். அவருடைய பால், காய்ச்சாமலே வைத்த இன்னொரு மாணவரின் பாலை முந்தி உறைந்தது. ஆசிரியரிடம் கேட்டபோது, நீ குழம்பிப்போயிருக்கிறாய் என்பதே கிடைத்த விடை. சில ஆண்டுகளுக்குப் பின்னர், டெனிஸ் ஒஸ்போர்ன் என்ற பௌதிகவியலாளர் அவரது பாடசாலைக்கு உரையாற்ற வந்தபோது அதே வினாவை அவரிடம் எழுப்பினார். சக மாணவர்கள் நகைத்தார்கள். ஒஸ்போர்ன் நகைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிச் சோதிக்க ஏற்பாடு செய்தார். 1969 இல் இருவரின் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அந்த விளைவு உண்மையில் உண்டா என்பது இன்னும் தீராத விவாதம். கவனமாக அளந்து பார்த்தபோது அதைக் காணவில்லை என்று 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. இறுதியில் எம்பெம்பாவின் கூற்றுப் பிழை என்று முடிவானாலும், அந்த வினா கேட்கப்படவேண்டிய வினாவாகவே இருக்கும். பிள்ளையின் கருதுகோள் சரியாக வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்காததற்கும் காரணம் இதுவே.

எமது பிள்ளைகளில் பலர் காலி வீதியில் 100 ஆம், 101 ஆம் இலக்க பஸ்களில் வருகிறவர்கள். நெடுநேரம் ஒரு பஸ்ஸும் வராமல் இருந்துவிட்டு இரண்டு ஒன்றாக வருவதைப் பற்றி முறையிடாத ஒரு நாளும் அவர்களுக்கு இல்லை. தரம் 9 மாணவர் இருவர் இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒரு பஸ் ஏதோ காரணத்தால் சற்றுப் பிந்தினால், அடுத்த தரிப்பிடத்தில் அதற்காகக் காத்திருப்போர் கூடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிய இன்னும் நேரமாகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏறுவதற்கு ஆளில்லாததால் அது விரைந்து வந்து முன்னதை எட்டிப் பிடிக்கிறது. சாரதிகளின் போட்டி ஒருபுறம் இருக்க, இந்த விளக்கம் சரியானதே. நியூவெல், பொட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964 இலேயே இதைக் கணித முறையில் காட்டியிருக்கிறார்கள். அதை நாங்கள் பிள்ளைகளிடம் அவர்கள் எழுதி முடித்த பின்னரே சொன்னோம். அவர்களின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அவர்களின் அடுத்த பக்கம் எனக்கு இன்னும் பிடித்தது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், சராசரியாக ஐந்து நிமிடந்தானே காத்திருக்கவேண்டும், ஏன் எப்போதும் கூடுதலாகக் காத்திருக்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். பஸ்கள் இரண்டு நிமிட இடைவெளியிலும் பதினெட்டு நிமிட இடைவெளியிலும் மாறி மாறி வருவதாகக் கொள்ளுங்கள். சராசரி பத்து நிமிடமே. ஆனால் நாங்கள் தரிப்பிடத்துக்கு வந்து சேரும் நேரம், இருபது நிமிடங்களில் பதினெட்டு நிமிடங்கள் நீண்ட இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. அப்போது சராசரிக் காத்திருப்பு ஒன்பது நிமிடம். குறுகிய இடைவெளிக்குள் வந்தால் ஒரு நிமிடம். இரண்டையும் உரிய பங்கில் சேர்த்தால் 8.2 நிமிடம் வருகிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நாம் எல்லோரும் நினைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதை, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் கைக்கடிகாரத்தையும் கொப்பியையும் மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள்.

மார்ச் மாத இறுதியில் இன்னொரு மாணவன், பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில் இருப்பதில்லை, கொழும்பில் அது பிந்தித்தான் வருகிறது என்று வாதிட்டு, விளையாட்டுத் திடலில் ஒரு மீற்றர் கோலை நட்டு, 11.50 முதல் நிமிடத்துக்கு நிமிடம் நிழலை அளந்தான். நிழல் மிகக் குறுகி ஏழு சென்ரிமீற்றர் அளவில் நின்றது 12.15 ஐ ஒட்டியே. எமது கடிகாரங்கள் கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகையைப் பின்பற்றுகின்றன, கொழும்போ அதற்கு மேற்கே 79.9 பாகைக்கு அண்மையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகப் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்துவது இதனால்தான். எஞ்சிய சில நிமிடங்கள் பூமி சூரியனைச் சுற்றும் விதத்தால் ஆண்டு முழுதும் மாறிக்கொண்டிருப்பவை. 1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கப்பட்டு, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பியதை உங்களில் பலர் மாணவப் பருவத்தில் அனுபவித்திருப்பீர்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் இதே பரிசோதனையைச் செய்திருந்தால் விடை 12.45 ஆக இருந்திருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடிகாரம் மனிதர் வைத்த ஏற்பாடு என்பதை உங்கள் வாயால் கேட்பது அவர்களுக்கு வேறு விதமாகப் பதியும். ஏப்ரல் 7 ஐயும் செப்டெம்பர் 5 ஐயும் ஒட்டிய நாட்களில் கொழும்பில் சூரியன் நேர் உச்சியில் வந்து, நட்ட கோலின் நிழல் மறைந்துவிடும். செப்டெம்பரில் அதை மொட்டைமாடியிலிருந்து வீட்டிலேயே பார்க்கலாம்.

கொப்பிகளில் பிழைத்துப்போன கருதுகோள்களும் நிறைய உண்டு. வெள்ளவத்தைக் கடலில் ஒவ்வோர் ஏழாவது அலையும் பெரியது என்பது அவற்றிலொன்று. எண்ணிப் பார்த்தபோது பெரிய அலைகள் கூட்டங்கூட்டமாகவே வந்தன. ஏழு என்ற எண் நிலைக்கவில்லை. பட்டர் பூசிய பாண் எப்போதும் பூசிய பக்கமே கீழே விழும் என்ற கூற்றில் 'எப்போதும்' என்ற சொல்தான் பிழை. பிரித்தானியப் பாடசாலை மாணவர்கள் 2001 இல் ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ 62 சதவீதம் அவ்வாறு விழுந்தது. மேசை உயரத்திலிருந்து விழும் துண்டுக்கு அரைச்சுற்றுச் சுழலத்தான் நேரம் கிடைக்கிறது.

சாதாரண தரப் பரீட்சைக்கு இது உதவுமா என்று சிலர் கேட்டீர்கள். அந்தக் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. மாலையில் தனியார் வகுப்பு, இரவில் வீட்டுவேலை என்று பிள்ளைக்கு நேரமில்லை என்பதும் உண்மை. ஆகையால் இரண்டு வாரத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் நாங்கள் கேட்கப்போவதில்லை. பரீட்சையில் எமது மாணவர் புள்ளியை இழப்பது சூத்திரம் தெரியாமையால் அல்ல, வரைபையும் அட்டவணையையும் தந்து காரணம் கேட்கும் இடத்தில் எழுதுவதற்குச் சொல்லின்றி நிற்பதால்தான் என்பதை விடைத்தாள்களைத் திருத்தும் எமது ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். பிள்ளை ஒரு விளக்கத்தோடு வந்தால், சரி என்றும் பிழை என்றும் உடனே தீர்ப்புச் சொல்லாமல், அதை எப்படிப் பார்த்தறியலாம் என்று கேளுங்கள். கைபேசியில் விடை தேடுவது பிள்ளை தானே செய்து பார்த்த பின்னர் நடக்கட்டும். ஒரு சுண்டு அரிசி, ஒரு குவளை, சமையலறையில் அரை மணி நேரம் என்பவற்றை மனமுவந்து கொடுங்கள். சிந்தியதைத் துடைக்கவும் அவர்களையே பழக்குங்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்தவேண்டாம். தனியார் வகுப்பு ஆசிரியரைக் கொண்டு எழுதுவிக்கவும் வேண்டாம்; அவ்வாறு எழுதிய பக்கம் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும், பிள்ளையும் வெட்கப்பட நேரும். கொதிநீர், அடுப்பு, மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் பெரியவர் ஒருவர் அருகில் நின்றே செய்யவேண்டும். அலை எண்ணுவதற்காகப் பிள்ளைகள் தனியே புகையிரதப் பாதையைக் கடந்து கடற்கரைக்குச் செல்ல அனுமதிக்கவே வேண்டாம். இதை வகுப்புகளிலும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

அளவு நாடா, வெப்பமானி, நிறுத்தற் கடிகாரம், சிறு தராசு ஆகியவற்றை வெள்ளிக்கிழமைகளில் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இரவலாகப் பெற்றுத் திங்கட்கிழமை திருப்பித் தரலாம். பெற்றோரின் கையொப்பம் மட்டும் தேவை. தவணை இறுதியில் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது கொப்பிகள் வகுப்பறை மேசைகளில் விரித்து வைக்கப்பட்டிருக்கும். அன்று உங்கள் வீட்டு அம்மம்மாவையும் அப்பப்பாவையும் இயலுமானால் அழைத்து வாருங்கள்; அவர்களிடம் கேட்பதற்குப் பிள்ளைகள் வினாக்களை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
அதிபர்