நாணயச் சேகரிப்பாளர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

இவ்வாண்டு வட்டம் ஐந்து தடவை கூடியது. பொங்கல் ஒன்றுகூடலும் சிறுவர் பயிற்சியும் வழமைபோல் நடந்தன.

பெரிய வேலை, ஜெர்மனியில் அன்றிருந்த வெஸ்ட்பாலிய இராச்சியத்தின் தங்கக் காசுகள் பற்றிய காட்சிப் பலகை. 'இது எதற்கு?' என்று சிலர் கேட்டீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்று வெஸ்ட்பாலியா எனப்படும் பகுதியில், டோர்ட்முண்டிலும் ஹம்மிலும் வசிக்கும் நம்மவர்கள் பெயரைப் பார்த்துத் தங்கள் ஊர்க் காசு என்றே நினைத்தார்கள். அப்படியல்ல. அந்த ஊர்கள் அன்று பெர்க் என்ற வேறொரு நாட்டில் இருந்தன. 1807இல் நெப்போலியன் தன் தம்பி ஜெரோமுக்கு அமைத்துக் கொடுத்த இந்த இராச்சியத்தின் தலைநகர் காசல். பிரவுன்ஷ்வைக் நகரும் அதற்குள் அடக்கம்.

அரசர் ஒருவர், தங்கக் கணக்கு இரண்டு. பிரெஞ்சு நாணய முறைதான் வேண்டும் என்றது அரசியலமைப்பு. வணிகர்களுக்கோ பழைய ஜெர்மன் நாணயமான தாலர் கணக்குத்தான் கைவந்தது. ஆகவே 20 பிராங்கன் (பிராங்கின் ஜெர்மன் பெயர்) காசும் வந்தது, பிரவுன்ஷ்வைக் அச்சகத்தில் 5, 10 தாலர் தங்கக் காசுகளும் அடிக்கப்பட்டன. 40 பிராங்கன் காசில் இருக்கும் ஆண்டு 1813. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இராச்சியமே இல்லாமற் போனது.

அங்கத்தவர் ஒருவர் இரவல் தந்த 20 பிராங்கனைத் தராசில் வைத்தேன்: 6.45 கிராம். பிரெஞ்சு 20 பிராங்குக்கு அச்சொட்டாக அதே எடை. நம் கணக்கில் முக்கால் பவுணுக்குச் சற்றுக் கூட. ஆயிரத்தில் 900 பங்கு தங்கம். பூதக்கண்ணாடியில் பார்த்தால், 'வெஸ்ட்பாலிய அரசர்' என்பதற்குப் பின்னால் 'பிரெஞ்சு இளவரசர்' என்பதன் சுருக்கமும் தெரிகிறது. சொந்தக் காசிலும் அவர் அண்ணன் வீட்டுப் பிள்ளைதான். இதைக் கண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பலகையைத் திறந்துவைத்த அன்று வந்தவர்கள் ஆறு பேர். 'வருகிறோம்' என்று தொலைபேசியில் உறுதி சொன்னவர்கள் பத்தொன்பது பேர். குறை சொல்ல விருப்பமில்லை. ஆனால் அன்று மண்டபத்தில் விரித்த கதிரைகளைத் திரும்ப மடித்தவன் நான்.

சந்தா பாதிப் பேரிடமிருந்துதான் வந்தது. இரண்டு வருடமாகக் கட்டாதவர்களும் உண்டு. கணக்கு ஏறக்குறைய சரியாக உள்ளது. பலகைச் செலவில் ஒரு பகுதியை நான் போட்டிருக்கிறேன், விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் பொறுப்பை ஏற்ற சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காசலுக்கும் பிரவுன்ஷ்வைக்குக்கும் ஒரு பயணம் போக எண்ணியிருக்கிறேன். பேருந்துக்கு முன்பணம் வேண்டும். பழைய சந்தா வந்துவிட்டாலே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்