மர்ம விளையாட்டு: எந்தத் துப்பு எந்தத் தளத்தில்?

வணக்கம், முன்னாள் மாணவர்களே. சுங்கை சிப்புட்டில் நாம் நடத்தப்போகும் மாற்று மெய்ம்மை விளையாட்டுக்கான (இணையத்திலும் நிஜ இடங்களிலும் துப்பு தேடிக் கதையை அவிழ்க்கும் விளையாட்டு) தளங்களை வரும் சனி இரவு 8.30க்குக் கூகுள் மீட்டில் முடிவு செய்கிறோம்.

1. கதாபாத்திரம் பேச டெலிகிராம் சேனலே சரி. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நம் கைப்பேசி எண் தெரியும். ஆளை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள், கதை அங்கேயே முடிந்தது.

2. படத்துக்குள் மறைத்த குறிப்பைப் புலனத்தில் படமாக அனுப்பாதீர்கள். கோப்பைச் சுருக்கும்போது அது அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

3. புலன ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். ஷிப்ட் வேலைக்காரர்கள் தவறவிடுவார்கள்; முக்கியத் துப்பு அதில் வேண்டாம்.

4. லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) ஒட்டும் கியூஆர் தாளை லேமினேட் செய்யுங்கள். ஒரு மழை போதும், மை ஓடிவிடும். ஒட்டுமுன் தோட்ட அலுவலகத்தில் அனுமதி அவசியம்.

நீங்கள் தினமும் திறக்கும் தளம் எது? வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.