டாக்டர் எழுதியதைத்தானே கொடுத்தேன் என்றாயே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதுகொண்டே, "டாக்டர் எழுதினதைத்தானே சித்தி குடுத்தேன், என் மேல என்ன தப்பு?" என்று கேட்டாய். அப்போது சமாதானம் மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. உன்னைப் போல நர்ஸாக முதல் வருஷ டியூட்டியில் இருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன்.

குடியாத்தத்துப் பெரியவர், வீட்டில் 20 யூனிட் இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றார். கேஸ் ஷீட்டிலும் அதே 20 ஏறியது. நீ ராத்திரி 20 போட்டாய். விடிகாலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, சர்க்கரை 48-க்கு இறங்கிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினீர்கள், நல்லது. ஆனால் "20 போட்டும் ஏன் இறங்கவில்லை?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லையே!

மறுநாள் அவர் மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாளே, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, அதில்தான் பதில் இருந்தது. பாட்டிலில் இருந்த மருந்து மில்லிக்கு 40 யூனிட், சிரிஞ்சோ மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். 8 வாங்கிப் பழகிய உடம்புக்கு வார்டில் நிஜமான 20 போய்விட்டது.

என் கதையையும் கேள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், நைட் டியூட்டி. வார்டு முழுக்க நிமிஷத்துக்கு மூச்சு 20, 20 என்று எண்ணாமலே சார்ட்டில் எழுதினேன். ஒரு பாட்டி ஓடிவந்து, "எம் புள்ளைக்குப் பேச்சு பாதிபாதியா நிக்குது சிஸ்டர்" என்றார். அப்புறம்தான் வாட்சைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணினேன். 34. அந்தப் பையன் ஐசியூவில் ஆறு நாள் கிடந்து பிழைத்தான். நான் எழுதிய 20 இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நம்ம வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸிங் பள்ளியும் தொடங்கினார். 1946-ல் இங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஊசி போடக் கை மட்டும் போதுமென்றால் நீ நாலு வருஷப் படிப்பில் மருந்தியலும் படித்தது எதற்கு?

டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று பயப்படுகிறாய். எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. "சார், இவர் வீட்டில் 100 சிரிஞ்சில் போட்டிருக்கிறார், உள்ளே போனது 8 யூனிட். இப்போ 20 போடலாமா?" என்று கணக்கோடு கேள். திட்டினால் வாங்கிக்கொள், ஊசியைக் கீழே வைத்துவிட்டு இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிடு.

பெரியவர் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் அவர் மகள் கையில் 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்து, உன் எதிரிலேயே ஒருதரம் மருந்து இழுக்கச் சொல். எந்தக் கோட்டில் நிறுத்துகிறாள் என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
சித்தி